பெண்ணை ஆறு நமக்குத் தந்த கடலோரச் சகோதரி

வணக்கம் மக்களே. நான் இப்போது நிற்பது கிருஷ்ணகிரி பக்கம் நம் காவேரிப்பட்டினம் பாலம். கீழே ஓடுவது தென்பெண்ணை. இந்த வீடியோ இந்த ஆறு போய்ச் சேர்கிற ஊரைப் பற்றியது, கடலூர். போன வாரம் இரண்டு நாள் அங்கே இருந்துவிட்டு வந்தேன். எடுத்து வந்த காட்சிகளை இடையிடையே போடுகிறேன்.

சென்னைக்கும் அமெரிக்காவின் டென்வருக்கும் 1984-இல் சகோதர நகர ஒப்பந்தம் போட்டார்கள். நமக்கும் கடலூருக்கும் ஒப்பந்தமே தேவையில்லை, ஆறே உறவு சொல்கிறது. நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணை, நம் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணை, சாத்தனூர், திருக்கோவிலூர் என்று வந்து, கடைசியில் கடலூருக்கு வடக்கே தாழங்குடாவில் கடலில் கலக்கிறது. முகத்துவாரத்தைப் பாருங்கள். நம் ஊரில் பாறைக்கு நடுவே ஓடுகிற ஆறு, இங்கே எவ்வளவு அகலமாக, சத்தமில்லாமல் கிடக்கிறது!

அடுத்து தேவனாம்பட்டினம். கெடிலம் ஆறு கடலில் சேரும் இடம். இந்த இடிந்த சுவர்கள்தான் புனித டேவிட் கோட்டை. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி இதை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. எல்லை எப்படிக் குறித்தார்கள் தெரியுமா? கோட்டையிலிருந்து நாலா பக்கமும் பீரங்கி வெடித்தார்கள். குண்டு போய் விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களெல்லாம் கம்பெனிக்கு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் இருக்கிறது. எனக்கு இது மனசை விட்டுப் போகவே இல்லை. வயலில் நின்றவனுக்கு, தலைக்கு மேல் பறந்து போன குண்டோடு தன் நிலமும் கைமாறிவிட்டது என்று தெரிந்திருக்குமா?

1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்ததும், 1752 வரை இந்தக் கோட்டைதான் கம்பெனிக்குத் தென்னிந்தியத் தலைமையிடம். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்தார். நம் பாராமகால், அதாவது கிருஷ்ணகிரியைச் சுற்றிய நம் பகுதி, கம்பெனி கைக்குப் போனது 1792-இல், திப்பு சுல்தானோடு போட்ட ஒப்பந்தத்தில். ஆற்றின் வாயில் நுழைந்தவர்கள் நம் மலைக்கு வர நூறு வருடம் ஆகியிருக்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலுக்கும் போனேன். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தார்கள், அவர் கல்லே தெப்பமாக மிதந்து இங்கே கரை சேர்ந்தார் என்பது ஐதீகம். கரையேறிய இடத்துக்குப் பெயரே கரையேறவிட்டகுப்பம்.

சரி, பிழைப்புக்கு வருவோம். விடிகாலை முதுநகர் துறைமுகம். படகு வந்து நின்றதும் ஏலம், கூடை தூக்குகிற பெண்களின் குரல், மத்தி, சங்கரா, நெத்திலி, வஞ்சிரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நமக்கு மாங்காய் சீசன் உச்சத்தில் இருக்கும்போது, அவர்களுக்குத் துறைமுகம் அடங்கிக் கிடக்கும். இன்னொரு பக்கம் உப்பனாற்றை ஒட்டி சிப்காட் தொழிற்பேட்டை, இரசாயனத் தொழிற்சாலைகள். வேலை தந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் காற்றில் வாடை அடிக்கிறது. கெலவரப்பள்ளியில் பெங்களூருக் கழிவால் நுரை பொங்குவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆற்றின் இரு முனையிலும் ஒரே கவலை.

மீன் விற்கும் ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "எந்த ஊரு தம்பி?" என்றார். காவேரிப்பட்டினம் என்றதும், "பூம்புகார் பக்கமா?" என்று கேட்டார். இல்லை அக்கா, கிருஷ்ணகிரி, உங்கள் பெண்ணை ஆறு எங்கள் ஊர் வழியாகத்தான் வருகிறது என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அந்த வெள்ளம் உங்க ஊர்ல பெஞ்ச மழையா?"

2024 டிசம்பர், ஃபெஞ்சல் புயல். நம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. வண்டிகள் அடித்துப் போனதை நாம் போனில் பார்த்துப் பதறினோம். ஆனால் அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை. பாம்பாறு வழியாகப் பெண்ணையில் இறங்கி, சாத்தனூரில் சேர்ந்தது. அங்கே திறந்துவிட்டது விநாடிக்கு 1,68,000 கன அடி. கடலூரில் அது வீடுகளுக்குள் ஏறியது. 2004 சுனாமியில் கடல் வந்த ஊர், இந்த முறை பின்பக்கமாக ஆறு வந்திருக்கிறது. அந்த அக்கா வீட்டில் அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போயிருக்கிறது. "உங்க மேல கோபமெல்லாம் இல்ல தம்பி. அங்க மழை கொட்டினா ஒரு போன் போடு" என்றார். என் நம்பரை வாங்கிக்கொண்டார்.

மேலே மழை அளவு, அணை நிலவரம் தெரிந்தவர்கள் ஓசூரிலும் ஊத்தங்கரையிலும் நிறைய பேர் இதைப் பார்க்கிறீர்கள். கமெண்டில் சொல்லுங்கள். மழைக்காலத்தில் தினமும் அந்த விவரத்தை இந்தச் சேனலில் போடப் போகிறேன், கடலூர்க்காரர்களுக்காக.

நாம் ஆடிப் பதினெட்டுக்கு இந்த ஆற்றில் இறங்குகிறோம். அவர்கள் தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழா எடுக்கிறார்கள். சாமிகளெல்லாம் பெண்ணைக் கரைக்கு வந்து தீர்த்தவாரி நடக்குமாம், கரையெல்லாம் கிழங்குக் கடைகளாம். வரச் சொல்லியிருக்கிறார் அக்கா. நம் ஊர் நிப்பட்டு இரண்டு பொட்டலம் கேட்டிருக்கிறார், காரம் கொஞ்சம் தூக்கலாக.