நாயை நடந்தவன்

நேயர்களுக்கு வணக்கம். காலையில் பால் வாங்கக் கடைக்கு நடந்தேன். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், வாக்கிங்கா?" என்றார். பையைக் காட்டினேன். "ஓ, கடைக்கா!" என்று போய்விட்டார். கால் அதே கால், தெரு அதே தெரு. ஆனால் நம் ஊரில் வேலையாக நடந்தால் நடை, வேலையில்லாமல் நடந்தால் வாக்கிங்! இங்கிலீஷ்காரருக்கு இரண்டும் வாக்தான்.

நான் 30 வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். 'ஹீ வாக்ட் ஹிஸ் டாக்' என்பதை ஒரு பையன் 'அவன் தன் நாயை நடந்தான்' என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் சுழித்தேன். சரியான விடையை எழுதப் போனால் எனக்கே கை ஓடவில்லை. 'நடக்க வைத்தான்' என்றால், நாய் என்ன நடை பழகும் குழந்தையா? 'நடத்தினான்' என்றும் எழுத முடியாது. தமிழில் கூட்டம் நடத்தலாம், கடை நடத்தலாம், பஸ்ஸிலே நடத்துநரே இருக்கிறார்; நாயை மட்டும் நடத்த வழியில்லை. கடைசியில் 'நாயைக் கூட்டிக்கொண்டு நடந்தான்' என்று எழுதிவிட்டு, அவனுக்கும் அரை மார்க் போட்டேன்.

இந்த வாக் முதலில் நடக்கவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் அதற்கு உருளுதல், புரளுதல் என்று பொருள். அலை புரள்வதற்கும் அதே சொல். துணித் தொழிலிலும் அது இருந்தது. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, நாள்பட்ட சிறுநீரை ஊற்றி (காப்பி குடித்துக்கொண்டே கேட்பவர்கள் மன்னிக்கவும்) காலால் மிதிமிதியென்று மிதிப்பார்கள். சிறுநீரின் அமோனியா எண்ணெய்ப் பசையை எடுக்கும். மிதியில் இழைகள் பின்னித் துணி இறுகும். இப்படி மிதிப்பவருக்கு இங்கிலாந்தின் வடக்கே வாக்கர் என்று பெயர். தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். ஆக, வாக்கர் என்ற குடும்பப் பெயரைக் கேட்டால் ஊர் ஊராக நடந்த பாட்டனைத் தேடாதீர்கள். அவர் நின்ற தொட்டியிலேயே நின்று துணி மிதித்தவர்!

கிரிக்கெட்டிலும் ஒரு வாக் உண்டு. 2003 உலகக் கோப்பை அரையிறுதி, போர்ட் எலிசபெத். இலங்கையின் அரவிந்த டி சில்வா வீசிய பந்தை சங்கக்கார பிடித்தார். நடுவர் அவுட் கொடுக்கவில்லை. ஆனாலும் மட்டை பிடித்திருந்த ஆஸ்திரேலியர் கில்கிறிஸ்ட் தானாகவே வெளியேறினார். அவர் வாக் பண்ணினார் என்பார்கள். சட்டசபையில் கோபித்துக்கொண்டு எழுந்து போனால் வாக் அவுட், நம்முடைய வெளிநடப்பு. கிரிக்கெட்டில் போனவருக்குக் கைதட்டல். சபையில் போனவர்கள் வாசலில் பேட்டி கொடுப்பார்கள்.

வாக்மேன், வாக்கி டாக்கி, சந்திரனில் நடந்தது என்று தாளில் இன்னும் இரண்டு பக்கம் இருக்கிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒற்றை விரல் காட்டுகிறார்கள். வாக் ஓவரை மட்டும் சொல்லிவிடுகிறேன். அது குதிரைப் பந்தயத்திலிருந்து வந்தது. எதிர்க்குதிரை ஒன்றுமே வராவிட்டாலும், வந்த குதிரை அந்தத் தடத்தைக் கடந்து காட்ட வேண்டும். ஓட வேண்டாம், நடந்தால் போதும். நேரமாகிவிட்டது, வணக்கம்.