கனசாவாவில் ஒரு வளவு

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஜப்பானில் கனசாவா என்ற ஊரில் இருக்கிற ஒரு கலை மியூசியத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். நான் அங்கே போய் இறங்கியது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை காட்சிக்கூடங்களுக்கு விடுமுறை. ஜப்பான் வரைக்கும் போனவன் இதை விசாரித்துக்கொண்டு போயிருக்க வேண்டாமா? "நீங்க பாத்திருப்பீகன்னுல்ல நெனச்சேன் அப்பச்சி" என்றாள் மகள். அவள் டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். அங்கிருந்து கனசாவாவுக்குப் புல்லட் ரயிலில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறோம்.

கனசாவா பழைய கோட்டை ஊர். ஜப்பானில் தங்கத்தை மெல்லிசாகத் தட்டி அடிக்கிற ரேக்கு ஏறக்குறைய முழுவதும் அங்கேதான் தயாராகிறது. ஐஸ்கிரீமில்கூட ஒரு ரேக்கைப் போர்த்தி விற்கிறார்கள். சாப்பிட்டேன். ருசி என்று ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு நடுவில் 2004இல் திறந்தார்கள், 21ஆம் நூற்றாண்டு தற்காலக் கலை மியூசியத்தை. கட்டியவர்கள் கசுயோ செஜிமா, ரியூவே நிஷிசாவா என்ற இரண்டு பேர். கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் விருதை 2010இல் வாங்கியவர்கள். கட்டடம் ஒரு பெரிய வட்டம். விட்டம் 112.5 மீட்டர். சுற்றுச்சுவர் முழுக்கக் கண்ணாடி. முன்பக்கம், பின்பக்கம் என்று கிடையாது, பல திசையிலும் வாசல். உள்ளே அளவு அளவாய் வெள்ளைப் பெட்டிகளை இறக்கி வைத்த மாதிரி அறைகள். அவற்றுக்கு நடுவே ஓடுகிற நடையில் நின்று பார்த்தால், இந்தக் கண்ணாடியிலிருந்து அந்தக் கண்ணாடி வரைக்கும் பார்வை தடையில்லாமல் போகிறது. நம் வீட்டு முகப்பில் நின்றால் வானம் பார்த்த முற்றமான வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிக் கொல்லை வாசல் வரைக்கும் தெரியுமே, அப்படி.

கண்ணாடி வீடு கட்டினால் நிலநடுக்கத்தில் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். 2024 ஜனவரி 1 அன்று பக்கத்து நோட்டோ தீபகற்பத்தில் பூமி ஆடியபோது காட்சிக்கூடங்களின் கூரைக் கண்ணாடிகள் சில விழுந்தன. சில மாதம் மூடி வைத்துச் சரிசெய்தார்கள்.

சரி, திங்கட்கிழமைக்கு வருகிறேன். காட்சிக்கூடம்தான் மூடியிருந்ததே தவிர, காசில்லாமல் யாரும் நுழையக்கூடிய பகுதி திறந்திருந்தது. அதில் ஓர் அறை, அமெரிக்கக் கலைஞர் ஜேம்ஸ் டரல் செய்தது. உள்ளே போனால் படம் இல்லை, சிலை இல்லை. நாலு சுவர், சுவரோரம் உட்கார இடம், கூரையில் சதுரமாக ஒரு திறப்பு. அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு தூரம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கால் வலித்ததால் உட்கார்ந்தேன்.

பத்து நிமிடம் கழித்து மேலே பார்க்கிறேன், வானம் கீழே இறங்கியிருக்கிறது! திறப்பின் விளிம்பைக் கத்திமுனை மாதிரி சீவியிருக்கிறார்கள். கூரையின் கனம் கண்ணுக்குத் தெரியாததால், நீலத் துணியை இழுத்து ஒட்டின மாதிரி வானம் கூரை மட்டத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு மேகம் இந்த ஓரத்தில் நுழைந்து அந்த ஓரத்தில் காணாமல் போக வெகுநேரம் எடுத்துக்கொண்டது. எதிரே ஒரு பாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். காவலுக்கு நின்ற பெண்ணிடம் மகளை விட்டுக் கேட்கச் சொன்னேன்: "மழை பெய்தால் என்ன செய்வீர்கள்?" அந்தப் பெண் சொன்ன பதில்: "நனையும்."

எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துவிட்டது. மழை வந்தால் வளவில் நாலு பக்கமும் தாழ்வாரத்துத் தண்ணீர் கொட்டும். அப்பத்தா ஓடிப்போய் அண்டாவை வைக்கும். முதல் தண்ணீர் அண்டாவின் அடியில் 'டங்' என்று விழும், நிறைய நிறையச் சத்தம் கனத்துக்கொண்டே போகும். அதைக் கேட்டே எப்போது அண்டாவை மாற்ற வேண்டும் என்று அப்பத்தாவுக்குத் தெரியும்.

மறுநாள் டிக்கெட் வாங்கிப் போனோம். அர்ஜென்டினாக்காரர் லியாண்ட்ரோ எர்லிச் செய்த நீச்சல்குளம் ஒன்று இருக்கிறது. மேலிருந்து பார்த்தால் நிஜக் குளம். அடியில் சட்டை போட்டுக்கொண்டு ஆட்கள் நனையாமல் நடக்கிறார்கள்! கண்ணாடித் தளத்தின் மேல் சுமார் பத்து சென்டிமீட்டர் தண்ணீர், கீழே நீல அறை, அதுதான் சூட்சுமம். நான் கீழே போய்க் கையாட்ட, மேலே யாரோ ஒரு குழந்தை கையாட்டியது. அலையில் அதன் முகம் நெளிந்து நெளிந்து சேர்ந்தது. மற்றபடி எல்லாமே பிடித்தது என்று சொன்னால் பொய். இரண்டு அறைகளில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நம் முகப்புச் சுவர்களில் பூப்போட்ட வழவழப்பான ஓடுகள் பதித்திருக்கிறோமே, அவற்றில் நிறைய ஜப்பானிலிருந்து கப்பலில் வந்தவை. சுவருக்கு அங்கிருந்து ஓடு வாங்கியவர்கள் நாம். அவர்கள் வானத்துக்கென்று ஓர் அறை கட்டி, மழையை உள்ளே விட்டிருக்கிறார்கள். நாம் என்ன செய்திருக்கிறோம்? எங்கள் வீட்டு வளவுக்கு மேலே பத்து வருடமாகப் பச்சை ஃபைபர் ஷீட். காக்கா எச்சம், குரங்குத் தொல்லை, பட்டாலை நனைகிறது என்று காரணம் சொன்னார்கள். குரங்குக்குக் கம்பி வலை போதுமே அண்ணே என்றால் யாரும் காது கொடுப்பதில்லை. நண்பகலிலும் உள்ளே இருக்கிறவர்கள் முகமெல்லாம் பச்சையாகத் தெரிகிறது, பாசி பிடித்த ஊருணிக்குள் இருக்கிற மாதிரி.

ஊர் திரும்பியதும் ஷீட்டைக் கழற்றலாம் என்று ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தேன். அந்த வீட்டுக்கு நாங்கள் பதினோரு பங்காளிகள். என்னையும் சேர்த்து நாலு பேர் சரி என்றாகிவிட்டது. ஏழு பேர் பாக்கி. அதில் இரண்டு பேர் இதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். காபி கொடுக்கும்போது எழுந்து போய்விடாதீர்கள் அண்ணே, வருகிறேன்.