இழப்பீடு யாருக்குக் கிடைத்தது?

(ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

2018 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரிட்டிஷ் நிதித்துறை ட்விட்டரில் ஒரு தகவல் போட்டது. 1833இல் கரீபியன் உள்ளிட்ட தன் குடியேற்ற நாடுகளில் இருந்த அடிமைகளை விடுவிக்க அரசு 2 கோடி பவுண்டு செலவழித்தது. அது அன்றைய ஆண்டு பட்ஜெட்டில் 40 சதவீதம். அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் அடைந்து முடிந்தது. ஆகவே உங்களில் லட்சக்கணக்கானோர் கட்டிய வரி அடிமை வணிகத்தை ஒழிக்க உதவியிருக்கிறது. பெருமையாகத்தான் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கிவிட்டார்கள்.

ஏன் எதிர்ப்பு? அந்த 2 கோடி யாருக்குப் போனது என்று அந்தத் தகவலில் சொல்லவில்லை. அடிமைகளாக இருந்தவர்களுக்கு அதில் ஒரு பைசா போகவில்லை. மொத்தமும் அவர்களை வைத்திருந்த முதலாளிகளுக்குப் போனது. சொத்து கையை விட்டுப் போகிறதே, அதற்கு இழப்பீடு.

அடிமை முறை ஒழிந்து 190 வருஷத்துக்கு மேல் ஆகிறது, நிறவெறி மட்டும் ஏன் போகமாட்டேன் என்கிறது? இந்தக் கேள்வியை எங்கே போனாலும் கேட்கிறார்கள். மனசு மாறவில்லை, படிப்பு போதவில்லை என்று பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. பணம் எந்தப் பக்கம் போனது, காகிதம் யார் கையில் இருந்தது என்று கொஞ்சம் பின்தொடர்ந்து பார்ப்போம் என்றுதான் இன்றைக்கு வந்திருக்கிறேன்.

அந்த இழப்பீட்டு விண்ணப்பம் எப்படி இருந்தது தெரியுமா? தோட்டத்தில் இருந்த ஆட்களை வகை வகையாகப் பிரித்து எண்ணிக்கை எழுத வேண்டும். மேஸ்திரிகள் இத்தனை பேர், கைத்தொழில் தெரிந்தவர்கள் இத்தனை பேர், வயல் வேலைக்காரர்கள், அதிலேயே இரண்டாந்தரம், வீட்டு வேலைக்காரர்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு விலை. கடைசியில் இரண்டு வரி. ஒன்று, 1834 ஆகஸ்ட் 1 அன்று ஆறு வயது நிரம்பாத குழந்தைகள். இன்னொன்று, வயதானவர், நோயாளி, வேலைக்கு ஆகாதவர். கைக்குழந்தைக்கும் விலை உண்டு, படுத்த படுக்கையாகக் கிடக்கும் கிழவிக்கும் விலை உண்டு. சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்த்து விலை சொல்வார் அல்லவா, அந்த வேலையை ஒரு அரசாங்கம் அச்சடித்த தாளில், நல்ல கையெழுத்தில் செய்தது.

இப்படி வந்த கோரிக்கைகள் 46,000 அளவில். விடுதலையானவர்கள் சுமார் 8 லட்சம். தென் அமெரிக்காவின் வடகரையில் அன்று பிரிட்டன் ஆண்ட கயானாவில் தலைக்குச் சராசரியாக 50 பவுண்டுக்கு மேல், ஜமைக்காவில் சுமார் 20 பவுண்டு. கோரியவர்கள் எல்லாரும் பெரிய பிரபுக்கள் என்று நினைக்காதீர்கள். பாதிரியார்கள் இருந்தார்கள், ஒன்றிரண்டு ஆட்களை வைத்திருந்த விதவைகள் இருந்தார்கள். இதற்கும் மேலே ஒன்று. விடுதலை என்று சட்டம் சொன்ன நாளில் விடுதலை வரவில்லை. 'தொழில் பழகுநர்' என்று பெயரை மாற்றி, வாரத்துக்கு நாற்பது மணி நேரத்துக்கு மேல் அதே முதலாளிக்குக் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். 1838 ஆகஸ்ட் 1 வரை அப்படித்தான் நடந்தது. நாலு வருஷ உழைப்பையும் சேர்த்துத்தான் முதலாளிக்குக் கிடைத்தது.

பிரிட்டன் மட்டுமா என்றால், இல்லை. கரீபியனில் பிரான்ஸ் ஆண்ட ஹெய்தியின் மக்கள் போராடி 1804இல் தங்கள் விடுதலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 1825இல் பிரான்ஸ் போர்க்கப்பல்களை அனுப்பி, எங்கள் முதலாளிகள் இழந்ததற்கு 15 கோடி பிராங்க் கட்டு என்றது. பின்னால் 9 கோடியாகக் குறைத்தார்கள். அதைக் கட்ட வாங்கிய கடன்கள் 1947 வரை அந்த நாட்டை விடவில்லை. வாஷிங்டன் நகரில் 1862இல் அடிமைகளை விடுவித்தபோதும் ஆளுக்கு 300 டாலர் வரை முதலாளிகளுக்குத்தான் கொடுத்தார்கள்.

சரி, ஒரே ஒரு தோட்டத்தைப் பார்ப்போம். கயானாவில் டெமராரா கடற்கரையில் 'சக்ஸஸ்' என்று ஒரு கரும்புத் தோட்டம். சொந்தக்காரர் ஜான் கிளாட்ஸ்டன், லிவர்பூல் வியாபாரி. பிற்காலத்தில் நாலு முறை பிரிட்டிஷ் பிரதமரான கிளாட்ஸ்டனின் அப்பா. அந்தத் தோட்டத்தை அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

1823 ஆகஸ்டில் அங்கே கிளர்ச்சி வெடித்தது. லண்டனில் நமக்கு ஏதோ சலுகை கொடுத்துவிட்டார்கள், இங்கே இருக்கிறவர்கள் மறைக்கிறார்கள் என்ற பேச்சு பரவி, பத்தாயிரம் பேருக்கு மேல் எழுந்தார்கள். குவாமினா என்று ஒரு தச்சர், அங்கிருந்த தேவாலயத்தில் மூத்த ஊழியர். ரத்தம் சிந்தக் கூடாது என்று தன் ஆட்களிடம் மன்றாடியவர். அவரைச் சுட்டுக் கொன்று, உடலைச் சங்கிலியில் கட்டி, சக்ஸஸ் தோட்டத்துக்கு முன்னால் சாலையோரம் தொங்கவிட்டார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து இழப்பீடு வந்தது. ஜான் கிளாட்ஸ்டனுக்கு 2,508 பேருக்காக 1,06,769 பவுண்டு. குவாமினா குடும்பத்துக்கு என்ன கிடைத்தது என்று நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் கதை நம் பக்கம் திரும்புகிறது. கறுப்பர்கள் விடுதலையானால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே. 1836 ஜனவரியில் கிளாட்ஸ்டன் கல்கத்தாவில் உள்ள ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்கிறார். அவர்கள் சோட்டா நாக்பூர் மலைவாழ் மக்களைப் பற்றிப் பதில் எழுதுகிறார்கள். மனிதனைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள், சாப்பாடு, குடி, தூக்கம் தவிர அவர்களுக்கு வேறு தேவை கிடையாது என்று அந்தக் கடிதம் போகிறது. இதே வார்த்தைகளைத்தான் ஆப்பிரிக்கர்களைப் பற்றி இருநூறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் மாறினார்கள், தோல் நிறம் மாறியது, வசவு மாறவில்லை. மலிவாக உழைக்க ஒருவன் வேண்டும், அவன் வலியை நினைத்து நம் தூக்கம் கெடவும் கூடாது. அதற்குத்தான் அவனைக் குரங்கு என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நிறவெறி பிறந்த இடம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1838 மே 5ஆம் தேதி 'விட்பி', 'ஹெஸ்பரஸ்' என்ற இரண்டு கப்பல்கள் சுமார் 400 பேரோடு கயானாவில் வந்து நின்றன. கறுப்பர்களுக்கு முழு விடுதலை வர இன்னும் மூன்று மாதம் இருந்தது. இது ஒரு புதிய அடிமை முறையாக ஆகிவிடக்கூடும் என்று 1840இல் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் ஜான் ரஸலே எழுதினார். ஆனாலும் நிற்கவில்லை. 1845இல் சென்னையிலிருந்தும் கயானாவுக்குக் கப்பல் போனது. போனவர்களில் கணிசமானோர் ஊரில் நிலமும் மரியாதையும் மறுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். 1833ஆம் ஆண்டுச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனி ஆண்ட பகுதிகளை விலக்கிவிட்டது, நம் ஊர்ப் பண்ணையடிமைகளுக்கு 1843 வரை ஒரு சட்டமும் இல்லை. கயானாவில் இன்றும் 'மதராசி' வழிபாடு என்று காளியம்மனுக்கும் மாரியம்மனுக்கும் பூசை நடக்கிறது. தமிழ்ப் பேச்சு மறைந்துவிட்டது, அம்மன் இருக்கிறாள்.

அதே காலத்தில் விடுதலையான கறுப்பர்கள் என்ன செய்தார்கள்? இதை நான் எந்தக் கூட்டத்திலும் விட்டுவிடாமல் சொல்வேன். 1839 நவம்பரில் 83 பேர் சேர்ந்து 'நார்த்புரூக்' என்ற கைவிடப்பட்ட தோட்டத்தை விலைக்கு வாங்கினார்கள். அடிமையாக இருந்த நாளில் ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கிழங்கும் வாழைக்காயும் விற்றது, பழகுநர் காலத்தில் கூடுதல் வேலைக்கு வாங்கிய கூலி, எல்லாம் சில்லறைக் காசு. அதைத் தள்ளுவண்டியில் கொட்டித் தள்ளிக்கொண்டு போய்க் கொடுத்தார்கள் என்று அந்த ஊரில் சொல்வார்கள். இன்று அந்த ஊரின் பெயர் விக்டோரியா. யாருடைய வியர்வையால் அந்த மண் விளைந்ததோ, அவர்களே அதற்கு விலையும் கொடுத்தார்கள்.

அந்த ஊர்களையும் நிம்மதியாக விடவில்லை. கூட்டாகச் சேர்ந்து நிலம் வாங்குகிறவர்களின் எண்ணிக்கைக்குச் சட்டம் போட்டு வரம்பு வைத்தார்கள். இந்தியாவிலிருந்து கூலி ஆட்களைக் கொண்டுவரும் செலவில் ஒரு பங்கைப் பொது வரியிலிருந்து எடுத்தார்கள். அதாவது, தன் கூலியைக் குறைக்க வரும் ஆளின் கப்பல் செலவை விடுதலையான கறுப்பரே வரியாகக் கட்டினார். வந்தவருக்கு இது எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பக்கத்தில் இருக்கும் கறுப்பன் தன்னைக் 'கூலி' என்று ஏசுகிறான் என்பதுதான். அந்தச் சொல்லே நம் தமிழ்க் கூலியிலிருந்து போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டு பேருக்கும் நடுவில் போட்ட அந்த முடிச்சு 1960களில் கயானாவில் இனக்கலவரமாக வெடித்தது. இன்றும் அங்கே தேர்தல் வந்தால் அந்தக் கோடு தெரிகிறது. இரண்டு ஏழைகள் அடித்துக்கொண்டார்கள் என்று மட்டும் அதைப் பார்த்தால், கணக்கு எழுதியவன் தப்பித்துவிடுகிறான்.

இன்னும் கிட்டத்தில் ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் வீடு வாடகைக்கு என்று பலகை தொங்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் விசாரித்தான். வீட்டுக்காரர், "வீடு போயிடுச்சு தம்பி" என்றார். அவன் தலையாட்டிவிட்டுப் பலகையை ஒருமுறை பார்த்தான். அப்புறம் நடந்து போனான். பலகை இன்னும் பத்து நாள் அங்கேயே தொங்கியது. நான் எதிர்த் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

1948 ஜூன் 22, 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் மக்களோடு லண்டன் அருகே டில்பரியில் வந்து சேர்ந்தது. போரில் நொறுங்கிய நாட்டுக்கு உழைக்க ஆள் தேவைப்பட்டது. வந்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளின் வழிவந்தவர்கள், சட்டப்படி பிரிட்டிஷ் குடிமக்கள். பஸ் ஓட்டினார்கள், மருத்துவமனைகளில் வேலை பார்த்தார்கள். அவர்களுக்கும் இதே பதில்தான் கிடைத்தது: அறை போய்விட்டது. நிறத்தைக் காட்டி வீடு மறுப்பது குற்றம் என்று 1968 வரை அங்கே சட்டம் கிடையாது. வங்கியும் எளிதில் கடன் தராது. அதனால் 'பார்ட்னர்' போட்டார்கள். அச்சு அசல் நம்ம ஊர்ச் சீட்டுதான். வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வரும்போது மொத்தமாக எடுத்து, அதை வைத்து வீடு வாங்கினார்கள். விக்டோரியாவின் தள்ளுவண்டிதான் எனக்கு ஞாபகம் வருகிறது.

வேலை பார்த்தால் சம்பளத்தில் வரி பிடிப்பார்கள் இல்லையா? 1833 கடன் 2015 வரை இருந்தது என்று நிதித்துறையே சொன்னது. அப்படியானால் அந்த பஸ் டிரைவரும் அந்த நர்ஸும், தங்கள் முன்னோரை வைத்திருந்தவனுக்குக் கொடுத்த இழப்பீட்டின் கடனைத் தங்கள் சம்பளத்திலிருந்து அடைத்திருக்கிறார்கள்.

அதே 2018இல், அந்த ட்வீட் வந்து இரண்டு மாதத்தில், ஏப்ரலில், விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது. 1973க்கு முன் குழந்தைகளாக வந்தவர்கள், பலரும் அப்பா அம்மா பாஸ்போர்ட்டில் வந்தவர்கள். அவர்களிடம், நீ இங்கே இருக்க உரிமை உள்ளவன் என்று நிரூபி என்று அரசு கேட்டது. வருஷத்துக்கு நாலு ஆவணம் வரை கேட்டார்கள். நாற்பது ஐம்பது வருஷத்துக்கு யார் வைத்திருப்பார்கள்? வேலை போனது, வீடு போனது, புற்றுநோய்க்குச் சிகிச்சை மறுக்கப்பட்டவரும் உண்டு. குறைந்தது 83 பேரைத் தவறாக நாடு கடத்தியிருந்தார்கள். ஜமைக்காவிலிருந்து பத்து வயதில் வந்த ஒரு பெண்மணி, நாடாளுமன்ற உணவகத்திலேயே சமைத்தவர். அவரைத் தடுப்பு முகாமில் அடைத்து, விமானம் ஏற்றத் தயாராக இருந்தார்கள். உள்துறை அமைச்சர் பதவி விலகினார். 2019இல் இழப்பீட்டுத் திட்டம் அறிவித்தார்கள். அதற்கும் ஆதாரம் கொண்டுவா என்றார்கள். கையில் பணம் வருமுன் இறந்துபோனவர்கள் பலர்.

2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சத்தினர் கயானா பல்கலைக்கழகத்தில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார்கள். நான் அதை மதிக்கிறேன். ஆனால் 2024இல் சமோவாவில் காமன்வெல்த் மாநாடு நடந்தபோது கரீபியன் நாடுகள் ஈடு செய்யும் பேச்சை எடுக்க, பிரிட்டிஷ் பிரதமர் பழையதை விட்டு இனி வருவதைப் பார்ப்போம் என்ற தொனியில்தான் பேசினார். 180 வருஷம் ஒரு கடனை விடாமல் கட்டிய அரசு அது. பழைய கணக்கு என்பதற்காக எதையும் அது விட்டுவிடவில்லை, அந்தக் கணக்கு முதலாளியுடையதாக இருந்தவரை.

அந்தக் காகிதங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கரீபியனிலிருந்து வந்தவர்கள் இறங்கிய தேதியைக் காட்டும் பழைய வருகை அட்டைகள் தெற்கு லண்டனில் குராய்டனில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தன. 2010இல் அவற்றை அழித்துவிட்டார்கள். பலருக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதே லண்டனில் கியூவில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அடிமைப் பதிவேடுகளும் இழப்பீட்டு விண்ணப்பங்களும் அங்கே பத்திரமாக உள்ளன. முதலாளி பெயர், தோட்டத்தின் பெயர், ஆள் கணக்கு, கொடுத்த பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் வரைக்கும். யார் போய்க் கேட்டாலும் எடுத்துக் காட்டுவார்கள்.

நன்றி.