அவளுக்குத் தெரியாததா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, என் அணித் தோழர்களே, அவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"புட்டிப்பாலை நாடும் தாய்க்குத் தேவை அறிவுரையா, ஆதரவா?" என்பது இன்றைய தலைப்பு. ஆதரவே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் தாய்ப்பாலின் பெருமையை அடுக்கிக்கொண்டே போனார். நோய் எதிர்ப்பு தரும், எளிதில் செரிக்கும், எந்நேரமும் இதமான சூட்டில் தயாராக இருக்கும், தாய்க்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் என்றார். கடைசியில், "இதெல்லாம் தெரிந்திருந்தால் எந்தத் தாயாவது புட்டியைத் தொடுவாளா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார். நானும்தான் தட்டினேன். அவர் சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை, அந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர.

எங்கள் அணிக்கும் தாய்ப்பாலுக்கும் ஏதோ சண்டை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால் அவர் விட்டதையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். தாய்ப்பாலில் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகைகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. குழந்தையால் அவற்றைச் செரிக்கவே முடியாது. அப்புறம் எதற்கு? குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. பெற்ற பிள்ளைக்கு மட்டுமல்லாமல் பிள்ளையோடு வந்த விருந்தாளிகளுக்கும் சேர்த்து ஆக்கிப்போடுகிறது தாயின் உடம்பு! உலகம் முழுக்கத் தாய்ப்பால் கொடுப்பது பரவலானால் ஆண்டுக்கு 8,23,000 குழந்தைகளின் உயிரைக் காக்கலாம் என்று 2016இல் லான்செட் மருத்துவ இதழ் கணக்குச் சொன்னது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு சேர்த்து 2 வயது வரைக்கும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பால் உசத்தி என்பது இங்கே வழக்கே இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். இதெல்லாம் அந்தத் தாய்க்குத் தெரியாதா?

நடுவர் அவர்களே, ஒரு பால்பவுடர் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். குழந்தைக்குத் தாய்ப்பாலே சிறந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். அப்படி அச்சிட வேண்டும் என்பது 1981இல் உலகச் சுகாதாரப் பேரவை நிறைவேற்றிய பன்னாட்டு விதித்தொகுப்பில் இருக்கிறது. ஆக, அந்த டப்பாவை வாங்குகிற தாய் உங்கள் அறிவுரையைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரிசையில் நிற்கிறாள். கர்ப்பமாக இருந்த காலத்தில் மருத்துவமனைச் சுவரில் படித்திருக்கிறாள், பார்க்க வந்த அத்தனை பேரிடமும் கேட்டிருக்கிறாள். இன்னொரு தடவை சொன்னால் திருந்திவிடுவாள் என்கிறீர்களா?

சரி, எல்லாம் தெரிந்தவள் ஏன் புட்டியை எடுக்கிறாள்? பிரசவம் முடிந்த மூன்றாம் நாள் ராத்திரிக்குப் போவோம்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் உடம்பில் ஒரு ஹார்மோன் சரசரவென்று குறைகிறது. அதற்கு அப்புறம்தான் பால் பெருகத் தொடங்கும். பெருகி வர இரண்டு மூன்று நாள் ஆகும், சிலருக்கு இன்னும் தாமதமாகும். அதுவரைக்கும் ஊறுவது சீம்பால், அதுவும் கரண்டிக் கணக்கில்தான். குழந்தை மணிக்கொரு தரம் அழும், எடையும் கொஞ்சம் இறங்கும். பெரும்பாலும் இது இயல்பு. ஆனால் அந்த அறையில் நிற்கிற நாலு பேர் என்ன சொல்கிறார்கள்? "பால் பத்தலை போல இருக்கே!" ஒருவர் சொன்னதும் இன்னொருவர் தலையாட்டுகிறார். காலையில் தாய்ப்பால்தான் அமுதம் என்று சொன்ன அதே வாய்கள்! தையல் வலிக்கிறது, காம்பு வெடித்திருக்கிறது, மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு சட்டை பட்டாலே சுருக்கென்கிறது. இரண்டு நாளாகத் தூக்கம் கிடையாது. அந்த நேரத்தில் அவளிடம் போய் நோய் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிப் பேசுவது, கண்ணாடிச் சில்லு ஏறிய காலோடு உட்கார்ந்திருப்பவனிடம் செருப்பு போடுவதன் நன்மைகளை விளக்குகிற மாதிரி. சில்லை எடுங்கள் ஐயா முதலில்!

எடுப்பது எப்படி என்று தெரிந்த ஒரு செவிலியரை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா உள்ளே வந்ததும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாயின் முழங்கைக்கு அடியில் ஒரு தலையணையைத் திணித்தார். அவள் குனிந்து குழந்தையிடம் போகாமல், குழந்தை அவளிடம் வருகிற மாதிரி உயர்த்தி வைத்தார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றைத் தொடும்படி முழுசாகத் திருப்பினார். மூக்குக்கு நேராகக் காம்பைக் கொண்டுபோய்க் காத்திருந்தார். குழந்தை கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்த அந்த நொடியில் சட்டென்று அணைத்தார். காம்பை மட்டும் கடித்து இழுத்துக்கொண்டிருந்த பிள்ளை, சுற்றியுள்ள கரும்பகுதியையும் சேர்த்து வாய் நிறையக் கவ்வியது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்த தாயின் தோள் அப்படியே கீழே இறங்கியது. "குழந்தை விழுங்கற சத்தம் கேக்குதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் வந்தார், துணி எத்தனை தடவை நனைந்தது என்று எண்ணினார்.

எதிரணியினர் உடனே எழுந்து, "அதுவும் அறிவுரைதானே?" என்பார்கள். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கை கொடுத்து, மறுநாளும் திரும்பி வந்து பார்க்கிற அறிவுரைக்கு எங்கள் அணியில் எப்போதும் இடம் உண்டு. வாசற்படியில் நின்று சொல்லிவிட்டுப் போகிற அறிவுரையைத்தான் நீங்களே வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

அந்த வாசற்படி அறிவுரை உடம்பையும் பாதிக்கிறது. சுரந்த பால் வெளியே இறங்குவதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் வேண்டும். வலியும் பயமும் பதற்றமும் அது வேலை செய்வதைத் தடுக்கும். மாமியார் ஒரு பக்கம், நாத்தனார் ஒரு பக்கம் நின்றுகொண்டு "இன்னும் இறங்கலையா, இன்னும் இறங்கலையா" என்று கேட்டால், இறங்க இருந்ததும் நின்றுபோகும். கணவர்மார்களையும் விட்டுவிட மாட்டேன். "பால் கொடுக்க என்னால முடியுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுக்கிறீர்களே, ஏப்பம் விட வைக்க முடியும், துணி மாற்ற முடியும், அவளுக்கு ஒரு செம்பு தண்ணீர் எடுத்துக் கொடுக்க முடியும்!

ஆதரவு என்பது வெறும் உணர்ச்சிப் பேச்சு, அதற்கு ஆதாரம் உண்டா என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். உண்டு. 1990களில் பெலாரஸ் நாட்டில் ஏறத்தாழ 17,000 தாய்-சேய்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. மைக்கேல் கிரேமர் என்ற மருத்துவர் தலைமையில் நடத்தி, 2001இல் வெளியிட்டார்கள். அத்தனை பேரும் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கிய தாய்மார்கள், அதை முக்கியமாகக் கவனியுங்கள். கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பாதி மருத்துவமனைகளில் வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தாய்க்குக் கூட இருந்து எப்படி உதவுவது என்று கற்றுத்தந்தார்கள். மூன்றாம் மாதத்தில் பார்த்தால், வழக்கமான பக்கத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் 6.4 சதவீதம். உதவி கிடைத்த பக்கத்தில் 43.3 சதவீதம். அதே நாடு, அதே மாதிரித் தாய்மார்கள். பாடம் எடுத்தது யாருக்கு? மருத்துவமனைக்கு! இன்னொரு விஷயம், அந்த நாட்டில் பிரசவ விடுப்பு மூன்று வருடம். வேலைக்கு ஓட வேண்டிய அவசரமும் அங்கே இல்லை.

வேலை என்றதும் ஒரு சின்னக் கணக்கு. 6 மாதம் என்றால் 26 வாரம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2000ஆம் ஆண்டு மகப்பேறு பாதுகாப்பு உடன்படிக்கை கேட்கும் குறைந்தபட்ச விடுப்பு 14 வாரம். நடுவில் 12 வாரம் தொங்குகிறது. அந்த 12 வாரத்துக்கு உங்களிடம் என்ன அறிவுரை இருக்கிறது? பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போகலாம் என்பீர்கள். போகலாம். அலுவலகத்தில் எங்கே பீய்ச்சுவது? கழிப்பறையில்தானே? நீங்கள் உங்கள் மதியச் சாப்பாட்டை அங்கே வைத்துச் சாப்பிடுவீர்களா? பணியிடத்தில் பாலூட்ட நேரம் தர வேண்டும், அந்த நேரத்துக்குச் சம்பளமும் உண்டு என்று அதே உடன்படிக்கை சொல்கிறது. அதைக் கேட்டு வாங்கிக் கொடுப்பவர்கள் எங்கள் அணிக்காரர்கள்.

எதிரணித் தலைவியின் வாதம்தான் கொஞ்சம் கனமானது. "பால்பவுடர் நிறுவனங்கள் விளம்பரத்தால் தாயை மயக்குகின்றன, எதிர்ப்பிரச்சாரம் செய்யாமல் விடலாமா?" என்றார். நியாயம். ஒரு காலத்தில் மருத்துவமனைகளுக்குச் செவிலியர் உடையில் விற்பனைப் பெண்களையே அனுப்பினார்கள். அதை எதிர்த்து 1977இல் ஒரு பெரிய புறக்கணிப்புப் போராட்டமே நடந்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் நான் சொன்ன 1981 விதித்தொகுப்பு வந்தது. ஆதரித்தவை 118 நாடுகள், எதிர்த்து வாக்களித்தது அமெரிக்கா ஒன்றுதான். அதைப் பிரித்துப் படியுங்கள் அம்மா. பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யாதே, தாய்க்கு இலவச மாதிரி கொடுக்காதே என்று அது கட்டுப்படுத்துவது வியாபாரியை. தாயைக் குற்றம் சொல்லும் ஒரு வரி அதில் கிடையாது. மாற்றுப்பால் தேவைப்படும் இடத்தில் அதைச் சரியான தகவலோடு முறையாகப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதன் நோக்கத்திலேயே எழுதியிருக்கிறது. கூண்டில் நிற்க வேண்டியவன் வியாபாரி. நீங்கள் கைக்குழந்தையோடு நிற்கிறவளை ஏற்றிவிட்டீர்கள்.

தேவைப்படும் இடம் உண்டா என்றால், உண்டு. கேலக்டோசீமியா என்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைக்குத் தாய்ப்பாலே ஆகாது. புற்றுநோய்க்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும் தாய் கொடுக்கக் கூடாது. மார்பில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், பிரசவத்தில் ரத்தம் அதிகமாகப் போனவர்கள் சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் போதிய அளவு சுரக்காது. இதையெல்லாம் பொது இடத்தில் புட்டியை எடுக்கும்போது அவள் நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டுமா?

வேடிக்கை என்னவென்றால், மார்பில் கொடுக்கிறவளும் தப்புவதில்லை. பேருந்தில் கொடுத்தால், "கொஞ்சம் மறைவா கொடுக்கக் கூடாதா?" நான்காம் மாதம் புட்டி வந்தால், "அதுக்குள்ளயா?" ஒன்றரை வயதில் கொடுத்தால், "இன்னுமா?" எந்தத் தேதியில், எந்த மூலையில் கொடுத்தால் ஊருக்குச் சரி என்று ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்துவிட்டால் தேவலை.

இந்தப் பேச்சுக்கு நாம் கொடுக்கிற விலை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் இறங்க மாட்டேன். வெட்கப்பட்டு ஒளித்துக் கொடுக்கிறவள் யாரிடமும் சந்தேகம் கேட்பதில்லை. பால்பவுடர் கிருமி நீக்கிய பொருள் அல்ல, அதில் குரோனோபேக்டர் என்ற கிருமி இருக்கக்கூடும். அதனால்தான் கொதிக்க வைத்த தண்ணீரை 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறவிடாமல் பவுடரைக் கலந்து, பிறகு ஆற்றிக் கொடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தை குடித்து மிச்சம் வைத்ததை இரண்டு மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். சிக்கனம் பார்த்துத் தண்ணீரைக் கூட்டினால் குழந்தைக்குச் சத்தும் கிடைக்காது, உப்புச் சமநிலையும் கெடும். எதிரணி நண்பர்களே, இத்தனை நேரம் அறிவுரைக்காக வாதாடினீர்கள். புட்டி கொடுத்தே ஆகவேண்டிய தாய்க்கு உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டிய இந்த ஒரு அறிவுரையை உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லையே, ஏன்? "புட்டியா?" என்று முகம் சுளித்த வீட்டில் இதை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

மணி அடித்துவிட்டார்கள். அடுத்து வரும் எதிரணிப் பேச்சாளர் இதற்குப் பதில் சொல்லட்டும், நான் உட்கார்ந்து கேட்கிறேன். வணக்கம்.