பாட்டி பெருக்கிய சூரியன்

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணியினருக்கும், எனக்கு முன்னால் பேசி என் வயிற்றில் கொஞ்சம் புளியைக் கரைத்துவிட்டுப் போன எதிரணி அக்காவுக்கும், பேச்சு முடிந்தால் கேக் வரும் என்ற விசுவாசத்தோடு காத்திருக்கும் சபையாருக்கும் என் வணக்கம்.

தலைப்பு இதுதான்: வானத்தைப் பார்க்கும் விசுவாசியின் வியப்பு, கணக்குத் தெரிந்த பிறகு குறைந்ததா, கூடியதா? குறைந்தே போனது என்றார் அக்கா. "அன்றைக்குக் கிரகணம் என்றால் முழங்கால் போட்டோம், இன்றைக்குக் கறுப்புக் கண்ணாடி போடுகிறோம்" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன், அது வேறு விஷயம்.

2019 டிசம்பர் 26. திண்டுக்கல் பக்கம் எங்கள் பாட்டி வீடு. முந்தின நாள் கிறிஸ்துமஸ் பிரியாணி வாசம் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. காலை ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. பாட்டிக்கு மேலே பார்க்கப் பயம். விளக்குமாற்றோடு வேப்பமரத்தடியில் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முற்றம் முழுக்க வளையல் வளையலாக வெளிச்சம்! "யாருடா இங்க வளையலைக் கொட்டினது?" என்று கேட்டார். நான் சொன்னேன்: "பாட்டி, இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை கேமரா மாதிரி. கீழே விழுகிற ஒவ்வொரு பொட்டும் சூரியனுடைய படம்தான். மற்ற நாளில் முழு வட்டமாக விழும். இன்றைக்கு நடுவில் நிலா நிற்கிறது, அதனால் வளையம்." பாட்டி கொஞ்ச நேரம் தரையையே பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அப்போ இத்தனை வருஷமா நான் பெருக்கினதெல்லாம் சூரியனையா?"

அக்கா, இது குறைந்த வியப்பா? எங்கள் பாட்டி அன்று முழங்கால் போடவில்லைதான். விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

சரி, வேதத்துக்கு வருவோம். பெத்லகேம் நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்தது யார்? தமிழ் வேதாகமம் 'சாஸ்திரிகள்' என்கிறது. வானத்தைப் படித்தவர்கள். அதே வானம்தானே ஏரோதின் அரண்மனைக்கு மேலேயும் இருந்தது? அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் பார்த்துப் பழகியவர்களுக்குத்தான் புதிதாக ஒன்று வந்தது கண்ணில் பட்டது. அவர்கள்தான் "மிகுந்த ஆனந்த சந்தோஷமடைந்தார்கள்" என்று மத்தேயு எழுதுகிறார். ஆனந்தம், சந்தோஷம் இரண்டையும் சேர்த்தும் போதாமல் 'மிகுந்த' வேறு! படித்தவனுக்கு வியப்பு போய்விடும் என்றால், மத்தேயு இந்த வரியை யாருக்காக எழுதினார்?

அக்கா கொலம்பஸைக் கொண்டுவந்தார். நல்ல அடிதான். 1504 பிப்ரவரி 29, ஜமைக்கா தீவு. அங்கிருந்த மக்கள் சாப்பாடு தருவதை நிறுத்திவிட்டார்கள். பஞ்சாங்கத்தில் சந்திர கிரகணம் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, "என் கடவுளுக்குக் கோபம், நிலவைப் பறிக்கப் போகிறார்" என்று மிரட்டிச் சாப்பாடு வாங்கினார் கொலம்பஸ். கணக்குத் தெரிந்தவன் வியக்கவில்லையே என்று கேட்டார் அக்கா. இது என் அணியையும் கொஞ்சம் இடிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ராத்திரி கொலம்பஸ் வானத்தைப் பார்க்கவே இல்லை ஐயா, சோற்றுப் பானையைத்தான் பார்த்தார். ஏமாந்தவர்களும் கணக்குத் தெரியாததால்தான் ஏமாந்தார்கள். அவர்களுக்கு வந்ததன் பெயர் பயம். 2014, 2015-இல் வரிசையாக நான்கு முழுச் சந்திர கிரகணங்கள் வந்தபோது, 'ரத்த நிலா, முடிவு நெருங்கிவிட்டது' என்று அமெரிக்காவில் சில போதகர்கள் பரப்பியதும் அதே பயம்தான். எரேமியா தீர்க்கதரிசி அன்றைக்கே "வானத்தின் அடையாளங்களாலே" கலங்காதிருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இன்னொரு எரேமியாவைப் பற்றிச் சொல்லத்தான் இன்று மேடை ஏறினேன். ஜெரமையா ஹாரக்ஸ். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் மச் ஹூல் என்ற சின்ன கிராமம். வயது இருபதோ இருபத்தொன்றோ. சூரியன் முகத்தை வெள்ளிக் கோள் கடந்துபோவது நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி விட்டு, எட்டு வருஷ வித்தியாசத்தில் ஜோடியாக வரும் நிகழ்ச்சி. 1639-இல் வெள்ளி சூரியனைத் தொடாமல் விலகிப் போகும் என்பது பெரிய வானியல் அறிஞர் கெப்ளர் போட்ட கணக்கு. இந்தப் பையன் மறுபடி போட்டுப் பார்த்தான். இல்லை, உள்ளேதான் வரும்! அதைக் கண்டுபிடிக்கும்போது ஒரு மாதம்தான் பாக்கி. அவசரமாக நண்பர் ஒருவருக்குக் கடிதம் போட்டான்: மான்செஸ்டர் பக்கத்துத் துணி வியாபாரி வில்லியம் கிராப்ட்ரீ.

அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை! இருட்டாக்கிய அறையில், தொலைநோக்கி வழியாக வரும் சூரியனை ஆறு அங்குல வட்டமாகக் காகிதத்தில் விழவைத்துக் காத்திருந்தார். மேகம். அதோடு, இதைவிடப் பெரிய கடமை ஒன்றுக்காக நடுநடுவே எழுந்து போக வேண்டியிருந்தது என்று அவரே எழுதுகிறார். என்ன கடமை என்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோயிலாகத்தான் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். வாழ்நாளில் இனி வராத காட்சி, அதை விட்டுவிட்டு ஒருவன் எழுந்து போகிறான் ஐயா! திரும்பி வந்து பார்த்தால் மணி மூன்றேகால். மேகம் விலகியிருக்கிறது. காகிதத்துச் சூரியனில் ஒரு மிளகு அளவுக்குக் கறுப்புப் பொட்டு. கடவுளே குறுக்கிட்டு மேகத்தைக் கலைத்தது போல இருந்தது என்று எழுதிவைத்தார். அரைமணி நேரத்தில் சூரியன் மறைந்துவிட்டது. ஒரு வருஷம் கழித்து, இருபத்திரண்டு வயதில், அவரும் போய்விட்டார்.

அன்றைக்குச் சூரியன் இங்கிலாந்தில் இருந்த அத்தனை பேர் தலைக்கு மேலும்தான் காய்ந்தது. வெள்ளி கடந்ததைப் பார்த்ததாக நமக்குத் தெரிவது இரண்டே பேர். கணக்குத் தெரிந்த இரண்டு பேர். மற்றவர்களுக்கு வியக்க அங்கே ஒன்றுமே இல்லை, வழக்கமான மேகமூட்டமான ஞாயிற்றுக்கிழமை.

அந்தத் துணி வியாபாரி என்ன ஆனார்? அவர் ஊரிலும் மேகம். சாயங்காலம் கடைசி நேரத்தில் கொஞ்சம் விலகியது. பொட்டைப் பார்த்தார். அளவெடுக்க வேண்டும், நேரம் குறிக்க வேண்டும், நண்பர் சொல்லியிருக்கிறார். மனுஷர் அப்படியே சொக்கி நின்றுவிட்டார்! சுதாரிப்பதற்குள் மேகம் மூடிவிட்டது. பிறகு மனதில் இருந்ததை வைத்துத்தான் வரைந்து அனுப்பினார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். தீர்ப்பு எழுதும்போது அந்தத் துணிக்கடைக்காரரைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள், நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.