விட்டுப்போன ஒரு நிபந்தனை

நேயர்களுக்கு வணக்கம். தர்க்கவியல் ஆய்வு என்று சொன்னாலே பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். கடவுளைப் பற்றிய தர்க்கவியல் ஆய்வு என்றால் மட்டும் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். "அப்படியானால் இருக்கிறாரா, இல்லையா?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு வாதத்தைப் பிரித்துப் போட்டு, எந்த ஆணி எதைத் தாங்குகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

குர்ட் கோடெல் என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கணிதத்தின் அடித்தளத்தையே உலுக்கிய முழுமையின்மைத் தேற்றங்களை 1931இல் வெளியிட்டவர். கடவுள் இருப்பதற்கான நிரூபணம் ஒன்றையும் அவர் குறியீடுகளில் எழுதி வைத்திருந்தார். பிரின்ஸ்டனில் இருந்தபோது எழுதிய அந்தக் குறிப்பில் 1970 பிப்ரவரி 10 என்று தேதி இருக்கிறது. டேனா ஸ்காட் என்ற தர்க்கவியலாளரிடம் அதைக் காட்டினார். ஆனால் அச்சுக்குக் கொடுக்கவில்லை. தான் செய்தது வெறும் தர்க்க ஆராய்ச்சி, அதைப் பார்த்துத் தன்னைப் பக்திமான் என்று நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம்.

வாதத்தின் வேர் பதினோராம் நூற்றாண்டுத் துறவி அன்செல்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு நேரே கோடெலிடம் வருகிறேன். சில பண்புகள் 'நேர்மறையானவை', அதாவது நல்லவை. அவையெல்லாம் ஒருங்கே அமைந்ததே கடவுள். ஒரு பொருளின் 'சாரம்' என்பது, அந்தப் பொருளின் மற்ற எல்லாப் பண்புகளையும் கட்டாயமாகக் கொண்டுவரும் பண்பு. தன் சாரம் எந்நிலையிலும் யாரிடமாவது இருந்தே தீரும் என்றால், அந்தப் பொருளுக்குக் 'கட்டாய இருப்பு' உண்டு. அதுவும் ஒரு நேர்மறைப் பண்பே. இந்தப் படிகளில் ஏறித்தான் முடிவுக்கு வருகிறார்.

2013இல் கிறிஸ்டோப் பென்ஸ்முல்லர், புரூனோ வோல்ட்சென்லோகல் பாலியோ என்ற இருவர் இந்த வாதத்தைக் கணினியிடம் கொடுத்தார்கள். ஸ்காட் எழுதி வைத்த வடிவம் தேறியது. எடுகோள்களிலிருந்து முடிவு சரியாகவே வருகிறது. 'கடவுளைக் கணினி நிரூபித்தது' என்று செய்திகள் வந்தன. எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. கோடெல் கைப்பட எழுதிய வடிவத்தில் முரண்பாடு இருப்பதை லியோ-2 என்ற நிரல் கண்டுபிடித்துவிட்டது!

காரணம் மிகச் சிறியது. சாரம் என்ற பண்பு அந்தப் பொருளிடம் இருக்கவும் வேண்டும் என்பதைக் கோடெல் எழுதவில்லை. ஸ்காட் அதைச் சேர்த்திருந்தார். எழுதாவிட்டால் என்ன ஆகும்? "முயற்கொம்புகளெல்லாம் தங்கம்" என்று நான் சொன்னால், தர்க்கப்படி அது உண்மை. பொய்யென்று காட்ட ஒரு முயற்கொம்பாவது வேண்டுமே! அதேபோல, யாரிடமும் இருக்கவே முடியாத ஒரு வெற்றுப் பண்பு எல்லாப் பண்புகளையும் 'கொண்டுவந்துவிடும்'. ஆகவே அது எல்லாப் பொருள்களுக்கும் சாரமாகிவிடும். கட்டாய இருப்பு வேண்டுமானால் அந்த வெற்றுப் பண்பும் யாரிடமாவது இருந்தாக வேண்டும், அது நடக்காது. ஆக, கட்டாய இருப்பு எவருக்குமே வாய்க்காது. நேர்மறைப் பண்பு எதுவும் யாருக்காவது வாய்க்கக்கூடியது என்று வாதத்தின் தொடக்கத்திலேயே சொல்லியாயிற்று. முடிந்தது கதை. எத்தனையோ நிபுணர்கள் பல ஆண்டுகள் படித்த குறிப்பு அது. நானும் ஸ்காட்டின் திருத்தத்தைச் சாதாரணக் கைத்திருத்தம் என்றே கடந்து போயிருக்கிறேன்.

சரி, ஸ்காட் வடிவமாவது நிம்மதி தருகிறதா? ஜோர்டன் ஹோவர்ட் சோபெல் 1987லேயே அதில் வேறொரு சிக்கலைக் காட்டியிருந்தார். இந்த எடுகோள்களை ஏற்றால், உண்மையாக இருப்பதெல்லாம் கட்டாயமாகவே உண்மை என்றாகிவிடும். ஊழ்வினை என்று சமாதானம் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். ஊழ்கூட இவ்வளவு இறுக்கமில்லை. இங்கே நீங்கள் இன்று வானொலியைத் திருப்பியது, இரண்டும் இரண்டும் நான்கு என்பதைப் போல மாற்றமுடியாதது. உலகை வேறுவிதமாகப் படைக்கும் வழி கடவுளுக்கும் இருக்காது.

1990இல் ஆண்டர்சன் என்ற மெய்யியலாளர் நேர்மறைப் பண்பு பற்றிய ஓர் எடுகோளைத் தளர்த்தி, வரையறைகளையும் மாற்றி இந்தச் சிக்கலை அவிழ்த்தார். கடவுள் இருக்கிறார் என்ற முடிவு அந்த வடிவத்திலும் வருகிறது. ஆனால் அந்த வரையறைகள் கோடெலுடையவைபோல் அவ்வளவு இயல்பாக எனக்குப் படவில்லை. முடிவைக் காப்பாற்றவே வெட்டித் தைத்த சட்டைபோல் இருக்கிறது. இப்போதைக்கு என் மேசைமேல் கிடப்பது அந்தச் சட்டைதான்.

வணக்கம்.