18 ஹோல், 18 பார்: நிக் ஃபால்டோ ஏன் தன்னோட ஸ்விங்கையே உடைச்சாரு?

வணக்கம் மக்களே. கோல்ஃப்னு பார்த்ததும் ஸ்கிப் பண்ணிடாதீங்க, இந்தக் கதைக்கு கோல்ஃப் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமே இல்ல. ஒண்ணே ஒண்ணு புரிஞ்சா போதும். ஒவ்வொரு குழிக்கும், அதாவது ஹோலுக்கும், இத்தனை அடில பந்தை உள்ள போட்டுடணும்னு ஒரு கணக்கு வச்சிருப்பாங்க, அதுதான் பார். ஒரு அடி கம்மின்னா பேர்டி, ஒரு அடி ஜாஸ்தின்னா போகி. மொத்தத்துல கம்மி அடில முடிக்கிறவர்தான் ஜெயிப்பாரு. அவ்ளோதான்.

நிக் ஃபால்டோ, 1957ல இங்கிலாந்துல வெல்வின் கார்டன் சிட்டில பிறந்தவரு. 1971ல மாஸ்டர்ஸ் போட்டில அமெரிக்க ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் ஆடுறதை டிவில பார்த்துட்டு எனக்கும் இது வேணும்னு கிளம்புன பையன், நாலே வருஷத்துல இங்கிலீஷ் அமெச்சூர் சாம்பியன். 1976ல ப்ரொஃபஷனல் ஆகிட்டாரு, 20 வயசுல அமெரிக்காவை எதிர்த்து ஆடுற ரைடர் கப் டீம்ல இடம், அங்க அமெரிக்க ஸ்டார் டாம் வாட்சனையே தோக்கடிச்சாரு. 1983ல ஐரோப்பிய டூர்ல மட்டும் அஞ்சு டைட்டில், அந்த வருஷ பணப்பட்டியல்லயும் முதல் இடம்.

நல்லாத்தானே போகுது, அப்புறம் என்ன பிரச்சனைன்னு கேட்பீங்க. மேஜர்னு சொல்ற நாலு பெரிய போட்டி இருக்கு பாருங்க, மாஸ்டர்ஸும் ஓபன் சாம்பியன்ஷிப்பும் அதுல சேர்த்தி, அங்க கடைசி நாள் வந்தா ஆளு காலி. பிரிட்டிஷ் பத்திரிகைங்க சும்மா விடுமா, ஃபால்டோங்கிற பேரை ஃபோல்டோன்னு மாத்தி, மடங்கிப் போறவன்னு கிண்டல் பண்ணிச்சுங்க.

இங்கதான் மனுஷன் யாரும் பண்ணாத காரியத்தை பண்ணாரு. டேவிட் லெட்பெட்டர்னு ஒரு கோச்சைப் பிடிச்சு, என் ஸ்விங், அதாவது மட்டையை வீசுற விதம், அது மொத்தத்தையும் பிரிச்சு மறுபடி கட்டுங்கன்னுட்டாரு. பழைய ஸ்விங் பார்க்க அழகு, உயரமா தூக்கி வீசுற மாதிரி இருக்கும், ஆனா காத்தும் டென்ஷனும் சேர்ந்தா பந்து எங்க போகும்னு அவருக்கே தெரியாது. அதைச் சுருக்கி, கட்டுக்கோப்பா மாத்தணும். யோசிச்சு பாருங்க, ஓடிட்டிருக்கிற வண்டியோட இன்ஜினை இறக்கி தரையில பரப்பி வைக்கிற வேலை இது. ரெண்டு வருஷம் ஜெயிக்கவே இல்ல, 1987 மாஸ்டர்ஸுக்கு அவரைக் கூப்பிடக்கூட இல்ல. அதே வாரம் மிசிசிப்பில ஒரு சின்ன டோர்னமென்ட்ல ஆடுனாரு. நாலு நாள், நாலு ஸ்கோர்: 67, 67, 67, 67. வந்தது என்னவோ ரெண்டாவது இடம்தான், ஆனா வேலை முடிஞ்சிருச்சுன்னு எனக்கு சொல்றது அந்த நாலு நம்பர்தான்.

அதே வருஷம் ஜூலை, ஸ்காட்லாந்து, மியூர்ஃபீல்டு, ஓபன் சாம்பியன்ஷிப்போட கடைசி நாள். பனி மூட்டம், ஈரம், குளிர். ஃபால்டோ முதல் ஹோல் பார். ரெண்டாவது பார். பந்து பங்கர்ங்கிற மணல் குழில விழுந்தாலும் தோண்டி எடுத்து பார். டெஸ்ட் மேட்ச்ல நாள் முழுக்க கட்டை போடுவாங்கல்ல, அதேதான். 18 ஹோல்லயும் பார், ஒரு பேர்டி இல்ல, ஒரு போகி இல்ல. கடைசி ஹோல்ல அஞ்சு அடி தூரத்துல ஒரு பட் (பந்தை குழிக்குள்ள உருட்டி விடுற ஷாட்), பழைய ஃபால்டோன்னா நடுங்கியிருப்பாரு, இவரு உள்ள தள்ளிட்டாரு. முன்னாடி இருந்த அமெரிக்கக்காரர் பால் அசிங்கர் 17லயும் 18லயும் போகி, ஒரே ஒரு ஷாட் வித்தியாசத்துல ஃபால்டோ சாம்பியன்.

போரிங்னாங்க. லக்குன்னும் சொன்னாங்க, ஏன்னா அவர் ஜெயிச்ச 1989 மாஸ்டர்ஸ்ல, ஸ்கோர் சமமானா ஆடுற ப்ளே-ஆஃப்ல, ஸ்காட் ஹோக் ரெண்டடி தூர பட்-ஐ மிஸ் பண்ணாரு, அடுத்த வருஷ ப்ளே-ஆஃப்ல ரேமண்ட் ஃபிளாய்ட் பந்தை தண்ணில போட்டாரு. எனக்கு அப்படித் தோணல. பக்கத்துல ஒருத்தன் தப்பே பண்ணாம நடந்து வந்துட்டே இருந்தா, நம்ம கை தானா நடுங்கும். 1990ல அவர் பை தூக்குன ஸ்வீடன்காரங்க ஃபேனி சுனேசன், மேஜர் ஜெயிச்ச முதல் பெண் கேடி (பை தூக்கி கூடவே வர்ற உதவியாளர்). அதே வருஷம் செயின்ட் ஆண்ட்ரூஸ்ல அஞ்சு ஷாட் வித்தியாசத்துல ஓபன், 1992ல மியூர்ஃபீல்டுலயே இன்னொண்ணு. உலக நம்பர் ஒன்னா மொத்தம் 97 வாரம்.

கடைசி மேஜர் 1996 மாஸ்டர்ஸ், ஆறாவது. கிரெக் நார்மன் ஆறு ஷாட் முன்னாடி, கதை முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. அன்னைக்கு நார்மன் 78, ஃபால்டோ 67, அஞ்சு ஷாட்ல ஜெயிச்சுட்டு நார்மனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாரு. எல்லாரும் ஷேர் பண்றது அந்தக் கட்டிப்பிடியைத்தான், ஆனா நீங்க வீடியோ கிடைச்சா 13வது ஹோலைப் பாருங்க. குழி இருக்கிற புல்தரையான கிரீனுக்கு முன்னாடி ஓடை, ஃபால்டோ கைல 5-வுட்னு ஒரு மட்டை. நிக்கிறாரு, பார்க்கிறாரு, மனசு ஒப்பல, உள்ள வச்சுட்டு 2-அயர்ன்னு வேற மட்டையை எடுக்கிறாரு. ஃபேனி பக்கத்துல நிக்கிறாங்க. அவசரமே இல்ல. அடிச்ச பந்து ஓடையைத் தாண்டி கிரீன்ல உக்காருது.